பெற்றோரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "எனக்குப் பசங்க மேலதான் ஈர்ப்பு வருது சார், வாழவே பிடிக்கல" என்று பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாய் திறந்தால், பல பள்ளிகளில் உடனே கிடைக்கும் பதில், "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பதுதான். அன்றைய இரவு அவனுக்கு எப்படிக் கழியும் என்று யாரும் யோசிப்பதில்லை.

அவன் சொன்னதில் இரண்டு சேதிகள் உள்ளன. சாவு நினைப்பு வந்திருப்பதை வீட்டாரிடம் சொல்லியே ஆக வேண்டும். யார்மீது ஈர்ப்பு என்பது அவனுடைய சேதி. அவன் சம்மதமில்லாமல் அது வெளியே போகக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவதால்தான், உதவி கேட்ட பிள்ளைக்கு வீட்டில் அடி விழுகிறது. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சே தொடங்கிவிடும்.

ஆசிரியர்களே, முதலில் அவனிடம் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்பது அடுத்த கேள்வி. ஆம் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. வீட்டில் அம்மாவிடம் பேசுவதா, அக்காவிடமா என்பதை அவனே சொல்லட்டும். அவன் எதிரிலேயே பேசுங்கள்: "பையன் ரொம்ப மனசு ஒடைஞ்சிருக்கான், சாவு நினைப்பு வந்திருக்கு. ராத்திரி தனியா படுக்க விடாதீங்க. மாத்திரை, பூச்சிமருந்தெல்லாம் பூட்டி, சாவிய நீங்க வச்சுக்கங்க. நாளைக்கே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டுங்க." ஏன் என்று துருவினால், "அவனுக்குத் தோணும்போது அவனே சொல்லுவான்" என்பது போதும்.

செல்போனைப் பிடுங்காதீர்கள், அவனைப் புரிந்துகொண்ட ஒரே நண்பன் அதில்தான் இருப்பான். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அழைப்புப் பட்டியலை அப்பா பார்ப்பார் என்று பயந்தால், பள்ளித் தொலைபேசியிலேயே பேச வையுங்கள்.

ஈர்ப்பைச் சொன்னதற்கே போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) என்று மிரள்பவர்கள் உண்டு. அச்சட்டப்படி தெரிவிக்க வேண்டியது பாலியல் குற்றத்தைத்தான், மனதில் தோன்றுவதை அல்ல. எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நியாயம்.

இந்த ஈர்ப்பைக் 'குணப்படுத்துகிறேன்' என்று யாராவது முன்வந்தால் அங்கே அழைத்துப் போகாதீர்கள். உலக சுகாதார அமைப்பு 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய 'சிகிச்சை'க்குத் தடை விதித்தார். (புரிந்துகொள்வதற்காகத் தாமே உளவியலாளர் முன் உட்கார்ந்து கேட்டவர் அவர், ஆசிரியர்கள் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.) 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. எனவே அப்படிச் செய்யும் மருத்துவர்மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம்.

மறுநாள் அவன் வகுப்புக்கு வரும்போது இடம் மாற்றி உட்கார வைக்காதீர்கள். ஆசிரியர் அறையில் அவன் பெயர் அடிபடக் கூடாது. ஒரு வாரம் கழித்து, தனியே அழைத்து, சாவு நினைப்பு பற்றிய அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மனநல ஆலோசகர்கள் சிலர்,
திருச்சி