பேட்டரிக்கு ஃபியூஸே போடாமல் சோலார் மாட்டியது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: எங்கள் கேம்பர் ட்ரெய்லரில் நீங்கள் பொருத்திய 200 வாட் சோலார் சார்ஜிங் வேலையில் உள்ள ஆபத்தான குறைகள்

ஐயா,

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் முகாமிடும் எங்கள் ட்ரெய்லரின் கூரையில் இரண்டு 100 வாட் பேனல், உள்ளே பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளவாக அனுப்பும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், முன்பக்கப் பெட்டியில் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள ஏஜிஎம் வகை ஈய-அமில பேட்டரி என்று உங்கள் நிறுவனம் பொருத்திக் கொடுத்தது. பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. சிட்னியில் தமிழில் விளக்கிச் சொல்லி வேலை செய்பவர்கள் என்பதால்தான் உங்களைத் தேடி வந்தோம். அதனால் இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

விலை பேசும்போதே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். நாங்கள் போகப்போவது நியூ சவுத் வேல்ஸின் தென்மேற்கில் உள்ள முங்கோ தேசியப் பூங்கா. அங்கே முகாமில் மின் இணைப்பு கிடையாது, குடிநீர்கூட நாம்தான் கொண்டுபோக வேண்டும். கூட வருவது சர்க்கரை நோயாளியான என் அம்மா. அவருடைய இன்சுலின் ட்ரெய்லர் ஃபிரிட்ஜில்தான் இருக்கும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் உங்கள் ஆள் "தாராளமாகப் போதும்" என்றார். அவர் சொன்ன கணக்கு தவறில்லை. அந்த ஃபிரிட்ஜ் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 40 ஏஎச் அளவுக்கு இழுக்கும். நவம்பர் வெயிலில் 200 வாட் பேனல் அதற்கு மேலேயே தர வேண்டும்.

ஆனால் முங்கோவில் விடிகாலையில் பேட்டரி இறங்கி ஃபிரிட்ஜ் தானாக நின்றுபோயிருந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. வெளியே பகலில் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்து நகரமான மில்டூராவுக்குத் திரும்பினோம். அங்கிருந்து உங்களுக்குப் போன் செய்தபோது கிடைத்த பதில், "மேகமாக இருந்திருக்கும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் கோளாறு." வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை என்று நான் சொன்னதை உங்கள் ஆள் காதில் வாங்கவே இல்லை.

மில்டூராவில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். பேட்டரிப் பெட்டியைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபியூஸ் எங்கே?" பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பிய வயர் எந்தத் தடுப்பும் இல்லாமல் நேராகக் கன்ட்ரோலர் வரை ஓடியிருந்தது. போகிற வழியில் இரும்புச் சட்டத்தில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாக நுழைகிறது. அந்த ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. அலை அலையாக மேடு விழுந்த மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி, அந்த இடத்தில் வயரின் உறை தேய்ந்து செம்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

இதன் பொருள் உங்களுக்குத் தெரியாததல்ல. சார்ஜ் ஏறிய 100 ஏஎச் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் இருந்தால் அது உடனே அறுந்துவிடும். இல்லாவிட்டால் வயர்தான் பழுத்துத் தீப்பிடிக்கும். அந்த வயருக்கு மேலே இருப்பது பலகை, அதற்கு மேலே மெத்தை, சுற்றிலும் கேன்வாஸ் துணி. அந்த மெத்தையில் படுத்திருந்தது என் அம்மா. இன்னும் கொஞ்ச தூரம் அதே ரோட்டில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுவது இந்த வேலையின் அரிச்சுவடி. அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

அடுத்து, பேட்டரி ஏன் ஏறவில்லை என்பது. பில்லில் 6 சதுர மி.மீ. வயர் என்று இருக்கிறது. ட்ரெய்லரில் ஓடுவது கார்களுக்கு "4 மி.மீ." என்று விற்கும் வயர். அந்த 4 என்பது உறையோடு சேர்த்த வெளிவிட்டம், உள்ளே இருக்கும் செம்பு 2 சதுர மி.மீ. கூட வராது. போதாததற்குக் கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காமல், பின்பக்க அலமாரியில், 6 மீட்டர் தள்ளி மாட்டியிருக்கிறீர்கள். போக வர 12 மீட்டர் மெல்லிய வயர். நண்பகலில் அளந்தபோது கன்ட்ரோலர் முனையில் 14.4 வோல்ட், பேட்டரி முனையில் 13.4. முழுசாக ஒரு வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கன்ட்ரோலர் தன் முனையில் 14.4-ஐப் பார்த்து "பேட்டரி நிறையப் போகிறது" என்று நினைத்துக் கரண்ட்டைக் குறைத்துவிடுகிறது. பேட்டரியோ பாதி வயிற்றோடு கிடக்கிறது.

கன்ட்ரோலரும் பில்லில் உள்ளது அல்ல. எம்பிபிடி வகை என்று போட்டுப் பணம் வாங்கியிருக்கிறீர்கள், பெட்டியின் மேலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஆனால் பேனலிலிருந்து உள்ளே வருவதும் பேட்டரிக்கு வெளியே போவதும் ஒரே ஆம்பியர். உண்மையான எம்பிபிடி, பேனலின் 18 வோல்ட்டைப் பேட்டரி அளவுக்கு இறக்கி, அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டித் தரும். இது அப்படி மாற்றித் தராத சாதாரண பிடபிள்யூஎம் வகை. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், வயர் சரியாக இருந்திருந்தால் பிடபிள்யூஎம் வைத்தே எங்கள் தேவை ஓடியிருக்கும். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கல்லவே.

எலக்ட்ரீஷியன் பேட்டரி முனையில் ஃபியூஸ் போட்டு, உண்மையான 20 ஆம்பியர் எம்பிபிடியைப் பேட்டரிப் பெட்டியை ஒட்டிய உட்சுவரில் மாட்டி, தடித்த வயர் இழுத்தார். அதே பேனல், அதே பேட்டரி, அதே ஃபிரிட்ஜ். சிட்னி திரும்பும் வரை ஃபிரிட்ஜ் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆக, மேகத்தின் மேலும் ஃபிரிட்ஜ் மேலும் இனிப் பழி போட வேண்டாம்.

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும், வாடிக்கையாளர் முன்கூட்டியே சொன்ன தேவைக்கு அது பொருந்தவும் வேண்டும். பாதுகாப்பற்ற நிலையை உண்டாக்கும் வேலையை அதே சட்டம் பெருங்குறைபாடு என்கிறது. அதன்படி, பொருத்துகூலி, கன்ட்ரோலர், வயர் ஆகியவற்றுக்கு வாங்கிய முழுத் தொகையையும், மில்டூராவில் நான் கட்டிய பழுதுச் செலவையும், வீணான இன்சுலின் விலையையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். பில்கள், அளவெடுத்தபோது எடுத்த படங்கள், எலக்ட்ரீஷியனின் எழுத்து அறிக்கை எல்லாம் இணைத்திருக்கிறேன். கழற்றிய வயரும் கன்ட்ரோலரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பதில் வராவிட்டால் நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் என்ற நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும், தேவைப்பட்டால் என்கேட் (NCAT) எனப்படும் மாநிலத் தீர்ப்பாயத்துக்கும் போவேன்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. எங்கள் ட்ரெய்லருக்கு மட்டும் ஃபியூஸ் மறந்துபோனது என்று என்னால் நம்ப முடியவில்லை. அதே ஆட்கள் வேலை செய்த மற்ற ட்ரெய்லர்களும் கேரவன்களும் இப்போது எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. பள்ளி விடுமுறை வருகிறது, குழந்தைகளோடு கிளம்பப் போகிறார்கள். அவர்கள் எல்லோரையும் இந்த வாரமே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைக்கச் சொல்லி, பிறகு இலவசமாகச் சரிபார்த்து ஃபியூஸ் போட்டுக் கொடுங்கள். அப்படிச் சொல்லிவிட்டீர்கள் என்பதை எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வென்ட்வொர்த்வில், சிட்னி