கோபாலோடு குடும்பம் நடத்தலாமா?

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி எனக்கும் வந்தாச்சு, அதை விடு. பாப்பாவை மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் ராட்சதக் கணினி) புராஜெக்டில் போட்டுவிட்டார்கள், இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியை அவள் படிக்கலாமா என்று எழுதியிருக்கிறாய். சிரிப்பு வந்துவிட்டது, கோவிச்சுக்காதே. 1998-ல் "ராத்திரி பகலா கோபாலோடதான் கிடக்கிறேன்" என்று நான் ஊருக்கு எழுத, "அந்தப் பையன் எந்த ஊரு?" என்று அம்மா கேட்டது ஞாபகம் இருக்கா?

தாராளமாகப் படிக்கச் சொல். 1959-ல் உருவாக்கத் தொடங்கிய பழைய மொழிதான். ஆனால் காசுக் கணக்குக்கென்றே பிறந்தது. பைத்தான் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் சும்மா கூட்டிப் பார்க்கச் சொல், 0.30000000000000004 என்று வரும். கோபாலில் பிக் 9(7)வி99 (ரூபாய்க்கு ஏழு இலக்கம், பைசாவுக்கு இரண்டு) என்று எழுதிவிட்டால் பைசா பைசாவாகவே நிற்கும். 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்பி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பேட்டியிலேயே கேட்டார். கொரோனாவில் வேலை போனவர்களின் விண்ணப்பம் குவிந்து பழைய கணினிகள் திணறிய நேரம்.

மொழி என்னவோ மூன்று வாரச் சமாச்சாரம். அடுத்தவன் எழுதியதைப் படிப்பதுதான் கஷ்டம். ஒய்டூகே வேலையில் (2000-ம் ஆண்டு பிறக்குமுன் கணினித் தேதிகளைச் சரிசெய்த வேலை) வட்டி புரோகிராம் ஒன்றில் நான் ஒரு முற்றுப்புள்ளியை அழித்தேனே! பழைய கோபாலில் இஃப், அதாவது 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற கட்டளை, எங்கே முடிகிறது என்று சொல்வதே அந்தப் புள்ளிதான். அந்த முடிவைச் சொல்லும் எண்ட்-இஃப் எல்லாம் 1985-ல்தான் வந்தது. புள்ளி போனதும், எல்லாக் கணக்குக்கும் ஓடவேண்டிய அடுத்த வரி முதியோர் கணக்குக்கு மட்டும் ஓடியது. நல்லவேளை, டெஸ்டிங்கிலேயே மாட்டியது. ராத்திரி இரண்டு மணிக்கு நீதான் டீ வாங்கி வந்தாய்.

எல்லாவற்றையும் ஜாவா மொழிக்கு மாற்றப்போகிறார்களாமே என்று அவள் கேட்பாள். மாற்றட்டும். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் மெஷினை வைத்து மாற்றினால், ஜாவா சட்டை போட்ட கோபால்தான் மிஞ்சும். அதற்கு 'ஜோபால்' என்று கிண்டல் பெயரே உண்டு.

ஒன்றே ஒன்று: இதிலேயே பத்து வருஷம் உட்கார்ந்துவிட வேண்டாம். நான் உட்கார்ந்தேன், பிறகு சின்னப் பசங்களிடம் கிட் (Git, புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கற்றுக்கொள்ள முழி பிதுங்கிவிட்டது.

ஞாயிறு காலை பேசச் சொல். பரணில் நம் பழைய நோட்டு கிடக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன். பாதிக்கு மேல் உன் கையெழுத்து. வரியின் ஏழாவது இடத்தில் கமெண்டுக்கு (புரோகிராமில் மனிதர் படிக்க எழுதும் குறிப்பு) நட்சத்திரம் போட மறந்த இடத்தையெல்லாம் நான் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன், பாப்பா பார்க்கட்டும்.

உன்,
பழைய ரூம்மேட்