'போல' இல்லாட்டி உவமை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடிப் பக்கத்துக்காரன், நம்ம பேப்பர ரொம்ப வருஷமா படிக்கிறவன். போன வாரம் மாணவர் பக்கத்துல செய்யுள் அணிகளப் பத்திப் போட்டிருந்தீங்க, சந்தோஷம், ஆனா "போல வந்தா உவமை, வராட்டி உருவகம்"னு பொசுக்குன்னு முடிச்சிட்டீங்களே. அத அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போயி எங்க பேத்தி டெஸ்ட்ல மலர்விழிய உருவகம்னு எழுதிட்டா, மார்க் போச்சு, வீட்டுக்கு வந்து "ஐயா, அதுல போல எங்க இருக்கு, காட்டுங்க"ன்னு என்கிட்ட சண்டை.

போல ஒளிஞ்சிருக்கு, அவ்ளோதான். மலர்விழின்னா மலர் போன்ற விழி, உவமைத்தொகை. அதையே திருப்பிப் போட்டு விழிமலர்னு சொல்லுங்க, இப்ப கண்ணே பூவாயிருச்சு, அது உருவகம். அப்பறம் உவமையக் காட்டுற உருபு போல மட்டுமா? நன்னூல்ல போல, புரைய, ஒப்ப, உறழன்னு 12 அடுக்கிட்டு, 'பிறவும்'னு வேற சொல்லியிருக்கு.

அணி இலக்கண நூலு தண்டியலங்காரத்துல, பொருள வச்சு வர்ற பொருளணி மட்டும் 35, அரைப் பக்கத்துல எல்லாம் அடங்காதுதான், ஒத்துக்கிறேன். ஆனா சொல்ல வந்தத மறைச்சு வேற ஒண்ணச் சொல்லிப் புரிய வைக்கிற பிறிது மொழிதல் அணிய பேரு மட்டும் சொல்லித் தாண்டிட்டீங்க பாருங்க, அதான் ஆத்தமாட்டல. 475ஆவது குறள்ல, மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல ஏத்துனா வண்டி அச்சு முறியும்னு வண்டிய மட்டும்தான் சொல்றாரு, சின்னச் சின்ன எதிரிங்க நெறையப் பேரு சேந்தா பெரிய ராசாவும் சாஞ்சிருவான்கிறத நாமளா புரிஞ்சிக்கணும்.

இது என்னமோ புலவருக்கு மட்டும் வர்றதுன்னு நெனைக்காதீங்க. எங்க சித்தப்பா பொண்ணு பாத்துட்டு வந்த அன்னைக்கே, பொண்ணு வீட்டுல இன்னும் சரின்னு வாயத் தொறக்கல, இவரு நாள் குறிக்கணும்னு செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அப்பத்தா அடுப்படியில வெள்ளைப் பணியாரம் சுட உக்காந்திருந்தாக, மாவக் கரண்டியில மோந்து அப்படியே கையில வச்சுக்கிட்டு, சட்டியப் பாத்தபடியே "எண்ணெ காயாம ஊத்துனா பணியாரம் எழும்புமாடா"ன்னாக. கல்யாணத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. சித்தப்பா செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வந்து உக்காந்துட்டாரு.

அடுத்த வாரம் ஒரு சின்னத் திருத்தம் போட்டுருங்க. பேத்தி அத வெட்டிட்டுப் போயி டீச்சர்கிட்ட காட்டுவாளாம், மார்க் திரும்ப வராதுடின்னு சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறா.

இப்படிக்கு,
காரைக்குடி வாசகர் ஒருத்தர்