வாளி தர முன்னர் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்ணில்லாமல் வாளியில் மரக்கறி வளர்க்கும் பயிற்சி இப்போது மட்டக்களப்பில் எங்கள் பக்கம் ஊர் ஊராக நடக்கிறது. பெண்கள் சங்கத்துக்கு ஒரு நாள், பாடசாலைக்கு ஒரு நாள், கோயில் மண்டபத்தில் ஒரு நாள். போனால் மத்தியானச் சோறு உண்டு, மூடியோடு வாளி, கொஞ்சம் தும்புத்தூள், உரப் பொட்டலம், நாலு நாற்று எல்லாம் கிடைக்கும். வரிசையாக நிற்க வைத்துப் படமும் எடுப்பார்கள். நல்ல வேலைதான், குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்கள் என்று ஒருவராவது கேட்டதை நான் காணவில்லை.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற நிலம் எங்களுடையது. மணல். ஊற்றுகிற தண்ணீரும் நிற்காது, போடுகிற பசளையும் நிற்காது. காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கமெல்லாம் வீட்டோடு வீடு ஒட்டின வளவுகள், பாத்தி போட இடமே கிடையாது. அதனால் வாளி முறை எங்களுக்கு ஏற்றதுதான். ஹவாயில் கிரட்கி என்ற பேராசிரியர் பரப்பிய முறையென்றால் மோட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மூடியில் ஓட்டை போட்டு, அடியில் துளையிட்ட யோகட் கப்பில் நாற்றை வைத்து, கப்பின் அடி நனைகிற அளவுக்கு உரக் கரைசலை நிரப்பி விட்டால் சரி. செடி குடிக்கக் குடிக்கக் கரைசல் இறங்கும். மேலே வெறுமையாகிற இடத்தில் தொங்குகிற வேர் காற்றை எடுக்கும், கீழே இருக்கிற வேர் தண்ணீரையும் உணவையும் எடுக்கும். வாளி குறைந்து விட்டதே என்று திரும்ப விளிம்பு வரைக்கும் நிரப்பினால் காற்றுக்குப் பழகின வேர் மூச்சு முட்டி அழுகிப் போகும். இதைப் பயிற்சியில் வடிவாகச் சொல்லித் தருகிறார்கள், அதற்கு நன்றி.

தண்ணீருக்கு வருகிறேன். எனக்கும், கடலை விட்டு உள்ளே தள்ளிக் கரடியனாற்றில் இருக்கிற என் மச்சாளுக்கும் ஒரே நிறுவனம் ஒரே மாதிரி வாளியும் ஒரே பொட்டலமும் தந்தது. இரண்டு பேரும் தக்காளியும் மல்லியும் வைத்தோம். அவவுடைய செடி மூடியை மறைத்துக்கொண்டு வளர்ந்தது. எங்கள் வீட்டில் மல்லி நாலு இலையோடு நின்று விட்டது, தக்காளி இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டது, காய்த்த ஒன்றிரண்டு காய்களும் அடிப்பக்கம் வட்டமாகக் கறுத்துத் தோல் போலக் காய்ந்து உள்ளே போயின. பார்த்த எல்லோரும் பூஞ்சண நோய் என்றார்கள், மருந்தடிக்கச் சொன்னார்கள். அது நோயே இல்லை. காய்க்குப் போக வேண்டிய கல்சியம் போய்ச் சேரவில்லை. வேரைச் சுற்றி உப்பு கூடினால் செடியால் தண்ணீரை இழுக்க ஏலாது, தண்ணீரோடு போகிற கல்சியமும் நின்று விடும்.

வந்தாறுமூலையில் விவசாய பீடத்தில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை லீவுக்கு வந்தபோது பேனை மாதிரி ஒரு மீற்றரைக் கொண்டு வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வைத்தாள். ஈ.சி. மீற்றர் என்பார்கள், தண்ணீரில் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டுவது. உரம் ஒரு கிள்ளும் போடாத வெறும் தண்ணீர் 1.6 காட்டியது. கரடியனாற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வரச் சொல்லிப் பார்த்தால் 0.4. கீரை, மல்லி, சலாது போன்ற இலை வகைகளுக்கு உரம் கலந்த பிறகு 1.2 முதல் 1.8 வரை இருந்தால் போதும். அப்படியென்றால் எங்கள் தண்ணீரில் உரம் போட இடம் எங்கே இருக்கிறது? பொட்டலத்தில் சொன்ன அளவைப் போட்டால் மல்லி தாங்குகிற எல்லையைத் தாண்டி விடும், அளவுக்குள் நிறுத்தினால் செடி சாப்பாடில்லாமல் கிடக்கும். மீற்றருக்கு எது உரம் எது கறி உப்பு என்று பிரித்துச் சொல்லவும் தெரியாது, மொத்தத்தை மட்டும்தான் காட்டும்.

நிலத்தில் என்றால் ஒரு மாரி மழை பெய்து உப்பைக் கழுவி இறக்கி விடும். வாளிக்கு அந்த வசதி இல்லை. செடி தண்ணீரைக் குடிக்கும், தேவையான சத்தை எடுக்கும், கறி உப்பில் இருக்கிற சோடியத்தை விட்டு வைக்கும். குறைகிறபோது அதே சவர்த் தண்ணீரை ஊற்றினால் இன்னும் கொஞ்சம் சோடியம் வந்து சேரும். காய்க்கிற தக்காளி வெயில் நாளில் ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கும், வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சொல்லவே வேண்டாம். அந்த மாதங்களில்தான் கிணறும் வற்றிச் சவர் கூடுகிறது. இதில் தும்புத்தூளையும் கழுவாமல் போட்டால் அதில் இருக்கிற உப்பும் சேர்ந்து கொள்ளும். நல்ல தண்ணீரில் நாலைந்து தரம் அலசித்தான் பாவிக்க வேண்டும்.

2022 இல் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள், அப்போதும் எங்கள் ஊரில் கனபேர் ஆசையாகத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்த வாளிகளில் உடுப்பு ஊறுகிறது. எனக்குக் கைராசி இல்லை என்று சொல்லி விட்டு விட்டார்கள். கைராசியில் என்ன இருக்கிறது?

மாரியில் கூரைப் பீலியால் ஓடிப் போகிற மழைத் தண்ணீர் வாளிக்கு முதல் தரம், அதில் உப்பே இல்லை என்று சொல்லலாம். முதல் மழையை ஓட விட்டுப் பிறகு மூடியுள்ள தாங்கியில் பிடிக்க வேண்டும். மழைத் தண்ணீரில் கல்சியமும் கிடையாது என்பதால் கல்சியம் உள்ள உரமாகப் பார்த்து வாங்க வேண்டும். யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் யூரியாவைச் செடிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கின்றன, புது வாளியில் அவை எங்கே? இரண்டு பொட்டலமாக வருகிற உரத்தை ஒரே கோப்பையில் கெட்டியாகக் கரைக்கவும் கூடாது. அடியில் வெள்ளையாக மண்டி படியும், அது அவ்வளவும் செடிக்குப் போய்ச் சேராத கல்சியம். குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளில் கிணற்றை விட்டுவிட்டு அதை ஒரு நாள் திறந்து வைத்துப் பாவிக்கலாம், அதையும் ஒருமுறை அளந்து கொள்வது நல்லது.

இடையில் ஒன்று. மணல் எங்களுக்கு எதிரி மட்டுமல்ல. வாளியைப் பாதிக்கு மணலில் புதைத்து, மேற்பாதியை உரப்பையால் சுற்றி விட்டால் கரைசல் சூடேறாது, வெளிச்சம் பட்டுப் பாசியும் பிடிக்காது. தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியை ஸ்பொஞ்சாலோ நுளம்பு வலைத் துண்டாலோ கட்டாயம் அடைக்க வேண்டும். டெங்கு நுளம்புக்கு இதை விட நல்ல வீடு கிடையாது, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் தக்காளி என்று பார்க்க மாட்டார். வெண்டி, பயிற்றை, மரவள்ளியையெல்லாம் வாளிக்குள் திணிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். மாட்டெரு போட்ட மணலிலேயே அவை நன்றாக வரும்.

இனி விசயம். விவசாயத் திணைக்களத்தையும் பயிற்சி நடத்துகிற நிறுவனங்களையும் கேட்பது பெரிய காசு தேவைப்படுகிற காரியம் இல்லை. பயிற்சிக்கு வருகிறவர்களை வீட்டுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டு வரச் சொல்லுங்கள். மீற்றரை வைத்து எடுக்க அரை நிமிடம் போதாதா? சவர் கூடின வீட்டுக்கு வாளியோடு ஒரு பீலித் துண்டும் தாங்கியும் கொடுங்கள், அல்லது அந்த வீட்டுக்கு வாளியே வேண்டாம் என்று நேராகச் சொல்லி விடுங்கள், வேறு ஒருவருக்குப் பயன்படட்டும். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒரு மீற்றர் கிடந்தால் பயிற்சிக்குப் போகாதவர்களும் போய்ப் பார்த்துக் கொள்வார்கள். உரத்தின் அளவைப் பொட்டலத்துக்கு ஒரே கணக்காக எழுதாமல், தண்ணீர் இவ்வளவு காட்டினால் லீற்றருக்கு இத்தனை கிராம் என்று தமிழில் ஒரு துண்டுக் கடதாசியில் அடித்துத் தாருங்கள். ஆடி ஆவணியில் இன்னொரு தரம் வந்து அளந்தால் இன்னும் நல்லது, மாரியில் எடுத்த கணக்கு கோடைக்குச் சரிவராது.

ஐயா, உங்கள் பத்திரிகையும் ஒன்று செய்யலாம். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் யாராவது முன்வந்தால், வாவிக்கரைக் கிராமங்களில் கோடையிலும் மாரியிலும் கிணறுகளை அளந்து, ஊர்வாரியாக ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். நான் என் கிணற்றுக் கணக்கைத் தரத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆரையம்பதி.