எந்த அணி என்று கேட்டாயே

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஜோகன்னஸ்பர்க் குளிர் உனக்குப் பழகிவிட்டதா?

அலுவலகத்தில் பாதிப்பேர் ஆர்லாண்டோ பைரேட்ஸ் கால்பந்து அணியின் பக்கம், மீதிப்பேர் கைசர் சீஃப்ஸ் அணியின் பக்கம், இரண்டு தரப்பும் ஆட்டம் பார்க்க அழைக்கிறார்கள், நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, அதனால் எழுதுகிறேன். பைரேட்ஸ் பக்கம் உட்கார் அம்மா.

அந்த அணி பிறந்தது 1937இல், ஜோகன்னஸ்பர்க் ஓரத்தில் இன்று சொவேட்டோ என்கிற பகுதியில் உள்ள ஆர்லாண்டோவில். சொவேட்டோ என்ற பெயரே 1963இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1930களின் தொடக்கத்தில், கறுப்பின மக்களை நகரத்தை விட்டுத் தள்ளி வைக்க நகராட்சி கட்டிய குடியிருப்பு ஆர்லாண்டோ. தங்கச் சுரங்கங்களில் வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அப்பன்மார் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத் தெருவில் நடக்க முடியாது. பிள்ளைகள் காலி இடம் கண்ட இடத்தில் பந்து உதைத்தார்கள்.

அங்கே ஒரு சிறுவர் மன்றம் இருந்தது. அதில் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர் ஆண்ட்ரீஸ் முக்வனாசி. 'பெலே பெலே' என்பது அவருடைய பட்டப்பெயர். பிரேசில்காரர் பெலே அப்போது பிறக்கவே இல்லை! பையன்களின் மனம் பந்தில் இருப்பதைக் கண்டு, ஒரு கால்பந்து அணியாகச் சேருங்கள் என்று ஊக்கம் கொடுத்தவர் இவர்தான். நானும் உடற்கல்வி ஆசிரியனாக இருந்தவன். தான் கற்றுக்கொடுக்கும் விளையாட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகள் வேறொன்றின் பின்னால் ஓடும்போது முகம் சுளிக்காமல் இருக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

காலில் பூட்ஸ் கிடையாது, ஒரே மாதிரிச் சட்டையும் கிடையாது. அந்தக் காலத்துப் பந்து எப்படி இருக்கும் தெரியுமா? கனத்த தோல், உள்ளே ரப்பர் பை. காற்றடைத்த பிறகு வாயைத் தோல் வாரால் இழுத்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் புடைத்துக்கொண்டு நிற்கும். மழையில் நனைந்தால் பந்து இன்னும் கனத்துப் போகும். வெறுங்கால் விரல் அந்த வாரில் பட்டால் உயிர் போகும். ஜூன், ஜூலையில் காலையில் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தத் தரையில்தான் இந்தக் கால்கள் ஓடின. அடுத்த ஆண்டே நகரின் சனிக்கிழமை லீகில் இரண்டாம் பிரிவுக் கோப்பையை வென்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள்.

அப்புறம் பிளவு வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பையன்கள் மன்றத்தை விட்டு வெளியேறினார்கள். போக இடமில்லை. பெத்துவேல் மொக்கோசின்யானே என்பவர் தன் வீட்டில் அவர்களைக் கூட்டினார். ஆர்லாண்டோ வீடுகள் சின்னஞ்சிறியவை, ஒரு குடும்பம் காலை நீட்டிப் படுப்பதே பாடு. அதற்குள் ஓர் அணி கூடிப் பேசியது. முதல் சீருடையையும் அவரே கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்தார். அணியின் முதல் தலைவரும் அவர்தான். பள்ளியில் ஓர் அணிக்குச் சட்டை வாங்க எத்தனை பேர் வாசலில் நின்றிருக்கிறேன்! அதனால்தான் அந்த அணி வென்ற கோப்பைகளை எல்லாம்விட அந்தச் சீருடைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

'பைரேட்ஸ்' என்ற பெயரைச் சொன்னவர் ஆண்ட்ரூ பாஸி என்ற ஆட்டக்காரர். பைரேட்ஸ் என்றால் கடற்கொள்ளையர்; ஹாலிவுட் நடிகர் எரோல் பிளின் நடித்த கடற்கொள்ளையர் படம் ஒன்று அப்போது வந்த வேகத்தில் தோன்றிய பெயர் என்கிறார்கள். அணியின் சின்னத்தில் மண்டையோடும் குறுக்கெலும்பும் இருப்பது அதனால்தான். அந்தச் சின்னத்துக்கு மேலே இருக்கும் நட்சத்திரம் 1995 வெற்றிக்கானது. ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜானில் அசெக் மிமோசாஸ் அணியை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று வென்று ஆப்பிரிக்க சாம்பியன் ஆனதற்காக. தென்னாப்பிரிக்க அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் முறை.

சீஃப்ஸ் ஆட்களிடம் மனஸ்தாபம் வேண்டாம். 1970இல் அந்த அணியைத் தொடங்கிய கைசர் மோட்டாங், பதினாறு வயதில் பைரேட்ஸில் சேர்ந்து வளர்ந்தவர். அமெரிக்காவில் அட்லாண்டா சீஃப்ஸ் அணிக்கு ஆடிவிட்டுத் திரும்பியபோது பைரேட்ஸுக்குள் பூசல். வெளியே தள்ளப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு தனி அணி கண்டார். அப்படிப் பார்த்தால் சீஃப்ஸும் பைரேட்ஸ் வயிற்றில் பிறந்த பிள்ளைதான்.

ஆட்டத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் தெரிந்த தோழிகளோடு ஆர்லாண்டோ கிழக்குப் பகுதிக்குப் போய் வா. பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஒன்றையாவது பக்கத்தில் நின்று பார்த்து, எத்தனை அடி அகலம் இருக்கும் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா