கேரியரில் தொங்கும் என் தொழில்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கோவையிலேயே மாற்றல் கிடைத்துவிட்டதா! அம்மாவுக்கு இனி நிம்மதி.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். வேலையை விட்டுவிட்டு, சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களுக்குப் பை தைத்து விற்கிறேன். "இதுக்கா படிச்சே?" என்று அத்தை கேட்டாயிற்று, நீ வேறு கேட்காதே.

சென்னை வெயிலில் முதுகில் பை மாட்டிக்கொண்டு அடையாறிலிருந்து கிண்டி போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பை கேரியரில்தான் தொங்க வேண்டும். அப்படிப்பட்ட பைகள் கடையில் இல்லாமல் இல்லை, ஆனால் எல்லாம் லடாக் போகிறவர்களுக்கானவை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மீட்டிங்குக்குள் நுழைந்தால், கூடாரம் அடிக்க வந்தவள் மாதிரி இருக்கும். மாட்டினால் சைக்கிள் பை, கழற்றினால் கைப்பை. நான் செய்ய நினைப்பது இவ்வளவுதான்.

இதில் பெரிய தலைவலி குதிகால். பை நேராகத் தொங்கினால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் இடிக்கும். அதனால் முன்பக்கக் கீழ் மூலையைச் சாய்வாக வெட்டி, பை பின்னால் தள்ளித் தொங்கும்படி கொக்கிகளைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைக்கிறோம். பார்க்கிறவர்கள் அந்தச் சாய்வை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. கழற்றியதும் கொக்கி துப்பட்டாவில் மாட்டாமலிருக்க, மேலிருந்து ஒரு மடிப்பு இறங்கி அதை மூடிவிடும்.

அப்புறம் மழை. எவ்வளவு நல்ல கோட்டிங் போட்ட துணியானாலும், ஊசி இறங்கிய ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்துவிடும். ஜெர்மனியில் 1982-ல் தொடங்கிய ஆர்ட்லீப் கம்பெனி தன் மழைப் பைகளைத் தைக்காமல் வெல்டிங் செய்தே ஒட்டுகிறது. அந்த மிஷினுக்கு நான் எங்கே போவது? தையலை மடிப்புக்குள் மறைத்து, உள்ளே டேப் ஒட்டுகிறோம். ஐப்பசி மழைக்குத் தாங்கும். முழங்கால் தண்ணீரில் இறக்கினால் நான் பொறுப்பில்லை!

எனக்குப் பிடித்தவர்கள் சூரிச் நகரத்து ஃப்ரைடாக் சகோதரர்கள். 1993-ல் பழைய லாரி தார்ப்பாயை வெட்டிப் பை செய்தார்கள், காரின் சீட் பெல்ட்டே தோள்பட்டி. பழசை வெட்டுவதால் ஒரு பை போல இன்னொன்று அமையாது. அதையே சொல்லி விற்றார்கள், கெட்டிக்காரர்கள்.

எனக்குத் தைத்துக் கொடுப்பவர் பெரியமேட்டில் ஒரு மாஸ்டர். ஸ்கூல் பை தைத்துப் பழகிய கை. "இவ்ளோ நெருக்கமா தையல் போட்டா பீஸ் ஏறாது மேடம்" என்று முணுமுணுப்பார். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் சொல்வது நியாயம்தானே? கூலியை ஏற்றினேன், பையின் விலையும் ஏறியது. 40,000 ரூபாய் கொடுத்துச் சைக்கிள் வாங்கியவர், 3,000 ரூபாய்ப் பையைப் பார்த்து "சைக்கிளுக்கா?" என்கிறார். அதே விலைக்குத் தோல் ஹேண்ட்பேக் என்றால் வாயே திறந்திருக்க மாட்டார். மாதச் சம்பளம் வந்த நாளில் இதையெல்லாம் யார் யோசித்தது, சொல்.

சரி, உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும். கேரியர் கம்பியின் தடிமன் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறுகிறது, எல்லாவற்றுக்கும் பொருந்தும் கொக்கி வேண்டும். அப்பா ஓட்டும் பழைய சைக்கிளின் கம்பியை அளந்து மில்லிமீட்டரில் எழுது. அவர் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பை அனுப்புகிறேன். சும்மா கொடுக்க ஆசைதான், கட்டுப்படியாகாது. பாதி விலை அனுப்பு.

அன்புடன்,
வசந்தி