மைக்ரோபிட் வாங்கலாமா என்று கேட்டாயே

தலைகுந்தா, ஊட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மன்னார்குடிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே இந்த வருடம் பனி முன்னதாகவே இறங்கிவிட்டது. குளிரில் முட்டிவலி கொஞ்சம் கூடுகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

பழைய மாணவர்கள் தரும் பணத்தில் பள்ளிக்கு ரோபோ கிட் வாங்குவதா, மைக்ரோபிட் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு வாங்குவதா என்று கேட்டிருந்தாய். மைக்ரோபிட்டே வாங்கு. சனிக்கிழமைகளில் நூலகத்தில் பிள்ளைகளோடு அதை வைத்துக்கொண்டு உட்காருகிறவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். கிட்டில் எதைச் செய்ய வேண்டும் என்பது பெட்டியிலேயே படமாக இருக்கும். பிள்ளைகள் பூட்டி முடித்துக் கைதட்டுவார்கள், அப்புறம் அது அலமாரிக்குப் போய்விடும். மைக்ரோபிட்டைக் கையில் கொடுத்தால், இதை வைத்து என்ன செய்வது என்று அவர்களே யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைக்காகத்தான் வாங்கச் சொல்கிறேன்.

பார்க்க மிகச் சின்னது. 5 செ.மீ.க்கு 4 செ.மீ. போர்டு, அதில் 25 எல்இடி விளக்குகள், இரண்டு பட்டன்கள், அசைவையும் திசையையும் உணரும் சென்சார்கள். பிபிசி 2016இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கென்றே கொண்டுவந்தது. 1981இலும் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். அதைத் தயாரித்த ஏக்கார்ன் நிறுவனத்தில் உருவானதுதான் ஆர்ம் பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப். இன்று உன் கைப்பேசியில் இருப்பதும் மைக்ரோபிட்டில் இருப்பதும் அந்த வம்சம்தான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

மேக்கோட் என்ற இலவச மென்பொருளில் வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் புரோகிராம் தயார். பழகிய பிள்ளைகள், எழுத்தாகவே புரோகிராம் எழுதும் பைத்தான் மொழிக்குப் போகலாம். யூஎஸ்பி வயரில் இணைத்ததும் பென் டிரைவ் மாதிரி தெரியும், கோப்பை அதில் போட்டால் ஓடத் தொடங்கிவிடும். மேக்கோடைக் கம்ப்யூட்டரில் நிறுவியும் வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் நெட் அடிக்கடி போகும் எங்கள் ஊருக்கு அது பெரிய உதவி.

சரி, பனி விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீட்டில் கொஞ்சம் தேயிலையும் கேரட்டும் இருக்கிறது. உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும் என்பதால் ராத்திரி தூக்கம் கெட்டு வெளியே வந்து பார்ப்பார் அவள் அப்பா. பனி விழப்போவதை போர்டு முன்கூட்டியே சொல்லுமா என்று கேட்டாள். புதிய மைக்ரோபிட் வெப்பத்தை அளந்து, அந்த அளவுகளைத் தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும். இரண்டு சின்ன பேட்டரி போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, தோட்டத்து வேலிக் கம்பத்தில் கட்டினோம். காலையில் புல் முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது, போர்டோ பூஜ்யத்துக்கு மேலேதான் காட்டியது.

அதிலிருந்து ஒரு பெரிய விவாதமே தொடங்கியது. இந்தப் போர்டில் வெப்பத்தை அளப்பது பிராசசருக்குள் இருக்கும் சென்சார், அதனால் சிப்பின் சூடும் சேர்ந்து வெளிக்காற்றைவிடக் கூடுதலாகவே காட்டும். அது ஒரு காரணம். இன்னொன்றை ஒரு பையன் பிடித்தான்: கம்பத்து உயரமும் புல்லின் உயரமும் ஒன்றா? மேகமில்லாத, காற்றடிக்காத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல் முதலில் குளிர்கிறது, குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் மேட்டுத் தோட்டம் தப்பித்து, ஓடைப் பக்கத்துத் தோட்டம் கருகுகிறது. இவ்வளவையும் பாடமாக நடத்தியிருந்தால் அரைமணியில் மறந்திருப்பார்கள். இப்போது போர்டை வெவ்வேறு உயரங்களில் கட்டி, நல்ல தெர்மாமீட்டர் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அப்பாவும் தினமும் கணக்குக் கேட்கிறாராம். புரோகிராம் எழுதக் கற்பது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

உங்கள் பக்கம் வயலும் வாய்க்காலும் இருக்கிறதே, அதிலிருந்தே தொடங்கச் சொல். இரண்டு ஆணிகளை மண்ணில் குத்தி, கிளிப்பால் போர்டில் இணைத்தால், ஈரத்துக்கு ஏற்ப 0 முதல் 1023 வரை எண் வரும். எப்போதும் மின்சாரம் ஓடினால் ஆணி சீக்கிரம் அரித்துவிடும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுக்கும்படி புரோகிராம் எழுதட்டும். அதுவே நல்ல பயிற்சி.

வாங்கும்போது மைக் ஸ்பீக்கர் உள்ள இரண்டாம் பதிப்பா என்று பார். ஆளுக்கொன்று வேண்டாம், இருவருக்கு ஒன்று போதும், பேசிக்கொண்டே செய்வார்கள். மிச்சப் பணத்தில் பேட்டரி பெட்டி, முதலை கிளிப், நல்ல வயர் வாங்கு. சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்கள் இதற்கு உதவாது, கடையிலேயே சோதித்துவிடு.

பொங்கல் விடுமுறையில் உங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வா. என்னிடம் இரண்டு போர்டு உபரியாக இருக்கிறது. டீச்சர் எடுத்துப் போய்ப் பழகட்டும், பள்ளிக்கு வாங்கியதும் திருப்பித் தந்தால் போதும். ஸ்வெட்டர் மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்